கைநாட்டுக்கு முடிவு கட்டுவோம்! பேராசிரியர் ஆதிசேஷய்யாவின் வாழ்க்கை தரும் பாடம்

(சேலத்தில் பஞ்சாலை, விசைத்தறி, விவசாயத் தொழிலாளர்கள் கலந்துகொண்ட வகுப்பொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய வகுப்புக்கு ஒரு பேராசிரியரின் வாழ்க்கையை விஷயமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். இரவு ஷிப்டு முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வந்திருக்கும் பஞ்சாலைத் தோழருக்கும், கரும்புக் காட்டிலிருந்து நேரே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும் ஒரு பேராசிரியரின் கதையால் என்ன பிரயோஜனம் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பதிலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வயது வந்த உழைப்பாளி எதைப் படிக்க வேண்டும், எதற்காகப் படிக்க வேண்டும், அந்தப் படிப்பின் பலன் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற கேள்விகளோடு உலகம் முழுவதும் சுற்றிய ஒரு தமிழர் இருந்தார். அவர் நம் இயக்கத்தைச் சேர்ந்தவரல்ல. ஆனாலும் அவர் நடந்த பாதையில் நமக்கு வேண்டிய பாடம் கிடக்கிறது. அதை எடுத்துக்கொள்ள நமக்கு வெட்கமில்லை.

அவர் பெயர் மால்கம் ஆதிசேஷய்யா.

வேலூரிலிருந்து பாரிஸ் வரை

1910-ம் ஆண்டு வேலூரில் பிறந்தவர். தகப்பனார் கல்லூரி ஆசிரியர். வேலூரிலும் சென்னையிலும் படித்து, பிறகு லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் பொருளாதாரம் கற்றவர். கல்கத்தாவில் சில ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1940 முதல் 1946 வரை சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தார். 1948-ல் ஐக்கிய நாடுகள் சபையின் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனமான யுனெஸ்கோவில் சேர்ந்து பாரிஸ் நகரத்துக்குப் போனார். 1963 முதல் 1970 வரை அந்த ஸ்தாபனத்தின் துணை டைரக்டர் ஜெனரல். அதாவது, அங்கே இரண்டாவது இடம் அவருடையது.

1970-ல் பதவியை விட்டதும் வெளிநாட்டிலேயே சுகமாகத் தங்கிவிடவில்லை. நாடு திரும்பினார். தம் சொந்தச் சேமிப்பைப் போட்டு 1971-ல் சென்னை அடையாற்றில் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றை ஆரம்பித்தார். 1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தர். 1978-லிருந்து 1984 வரை ராஜ்ய சபையில் நியமன உறுப்பினர். 1994 நவம்பரில் காலமானார். அவர் பெயரால் யுனெஸ்கோ ஸ்தாபனம் ஒரு எழுத்தறிவுப் பரிசை ஏற்படுத்தியது.

கல்லூரி மேடையில் ஆரம்பித்த மனிதரின் பெயர் எழுத்தறிவுப் பரிசுக்கு எப்படி வந்தது? அங்கேதான் நமக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது.

வேலையோடு சேர்ந்த எழுத்து

ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விடுதலை பெற்ற காலம் அது. புதிய சர்க்கார்களிடம் பணமில்லை. பள்ளிக்கூடத்துக்குச் செலவிடும் காசு தர்மக் காசு என்றே பல நிதி மந்திரிகள் நினைத்தார்கள். கல்விக்குப் போடும் பணம் வீண் செலவல்ல, அதுவும் ஒரு முதலீடுதான் என்று அந்த சர்க்கார்களை ஒப்புக்கொள்ள வைக்க யுனெஸ்கோ பெருமுயற்சி செய்தது. பொருளாதாரப் பேராசிரியரான ஆதிசேஷய்யா அந்த முயற்சியின் முன்னணியில் நின்றார்.

1965-ம் ஆண்டு செப்டம்பர் 8-ம் தேதி ஈரான் நாட்டுத் தலைநகர் டெஹரானில் உலகக் கல்வி மந்திரிகள் கூடினார்கள். எழுத்தறிவின்மையை ஒழிப்பதே விவாதப் பொருள். ஆண்டுதோறும் செப்டம்பர் 8-ம் தேதியை எழுத்தறிவு தினமாகக் கொண்டாடுகிறோமே, அந்தத் தேதி அங்கிருந்து வந்ததுதான். வெறும் அ, ஆ சொல்லிக் கொடுத்தால் வளர்ந்தவர்கள் வரமாட்டார்கள், அவரவர் செய்யும் தொழிலோடு எழுத்தை இணைக்க வேண்டும் என்று அங்கே வற்புறுத்தப்பட்டது. நெசவாளிக்கு நூலும் தறியும் பாடம். குடியானவனுக்கு விதையும் உரமும் பாடம். செயல்முறை எழுத்தறிவு என்று இதற்குப் பெயரிட்டார்கள். 1967 முதல் 1973 வரை இந்தியா உட்பட 11 நாடுகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

நம் நாட்டில் இது இரண்டு வடிவில் வந்தது. கிராமத்தில், புதிய ரக விதைகளைப் பயிரிடும் விவசாயிகளுக்குப் பயிற்சியும் எழுத்தறிவும் சேர்த்துக் கொடுக்கும் திட்டம். நகரத்தில், தொழிலாளர்களுக்கென்று ஸ்ரமிக் வித்யாபீடம். உழைப்பாளியின் கலாசாலை என்று அதற்கு அர்த்தம். முதலாவது வித்யாபீடம் 1967-ல், யுனெஸ்கோவின் உதவியோடு, பம்பாய் வொர்லியில் ஆலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதியில் திறக்கப்பட்டது. தொழில் நுட்பம் மட்டுமல்லாமல், தொழிலாளியின் குடும்பம், ஆரோக்கியம், குடியுரிமை, பொது அறிவு எல்லாவற்றையும் சேர்த்துக் கற்பிப்பது அதன் நோக்கம்.

எங்கே வழுக்கியது?

வேலையோடு எழுத்தை இணைப்பது நல்ல யோசனைதான். பிறகு ஏன் எதிர்பார்த்த பலன் வரவில்லை?

1976-ல் யுனெஸ்கோவும் ஐக்கிய நாடுகள் சபையின் வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து அந்த 11 நாட்டுச் சோதனையைப் பரிசீலித்து அறிக்கை வெளியிட்டன. தங்கள் காரியத்தைத் தாங்களே எடைபோட்ட அறிக்கை அது. உற்பத்தி என்ற ஒரே கண்ணால் மனிதனைப் பார்த்தது போதாது. சமூகம், அரசியல், கலாசாரம் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு எழுத்தறிவு தர முடியாது என்பது அதன் சாரம். அதற்கு முந்திய ஆண்டே, 1975 செப்டம்பரில், ஈரானில் பெர்சபோலிஸ் என்ற இடத்தில் கூடிய சர்வதேச மாநாடும் எழுத்தறிவு மனிதனின் விடுதலைக்குத் துணை நிற்க வேண்டும் என்று பிரகடனம் செய்தது.

நம் பாஷையில் இதைப் புரிந்துகொள்வோம். மூட்டைக்கு எவ்வளவு உரம் போட வேண்டும் என்று நிலமில்லாத கூலிக்காரனுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தால் அவன் எதற்கு வருவான்? உரமும் அவனுடையதல்ல, விளைச்சலும் அவனுடையதல்ல. அவனுடையது கூலி ஒன்றுதான். அந்தக் கூலியைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை! நாலு நாள் வருவான், ஐந்தாம் நாள் நின்றுவிடுவான். வாத்தியார், "இவர்களுக்குப் படிப்பில் ஆசையில்லை" என்று எழுதிக் கொடுப்பார். ஆசை இல்லாமலில்லை. பாடத்தில் அவன் இல்லை.

கல்வி முதலீடு என்றால், அதன் லாபம் யாருக்கு? இந்தக் கேள்வியைக் கேட்காத வரையில் எந்தத் திட்டமும் பாதி வழியில்தான் நிற்கும்.

1978 அக்டோபர் 2-ம் தேதி நம் நாட்டில் தேசிய முதியோர் கல்வித் திட்டம் ஆரம்பமாயிற்று. 15 வயது முதல் 35 வயது வரையுள்ள 10 கோடிப் பேருக்கு ஐந்தாண்டுகளில் கல்வி என்று இலக்கு. அதில் மூன்று அம்சங்கள் வைத்தார்கள். முதலாவது எழுத்தறிவு. இரண்டாவது தொழில் திறன். மூன்றாவது விழிப்புணர்வு, அதாவது, தன் நிலைமைக்குக் காரணம் என்ன என்று தெரிந்துகொள்வது. 1965-ல் தொழிலும் உற்பத்தியுமே பெரிதாகத் தெரிந்த இடத்தில், 1978-ல் விழிப்புணர்வும் வந்து சேர்ந்தது. ராஜ்ய சபையில் இருந்த ஆதிசேஷய்யா முதியோர் கல்விக்காகத் தொடர்ந்து வாதாடி வந்தார். ஆனால் 1980-ல் ஆட்சி மாறியதும் திட்டத்தின் வேகம் தளர்ந்துவிட்டது. மேலிருந்து வந்த காரியம், மேலே இருப்பவரின் மனம் மாறியதும் நின்றுபோகும். இதையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரேசில் சொல்லும் சாட்சி

இந்த மூன்றாவது அம்சத்துக்கு எவ்வளவு வலு உண்டு என்பதைத் தென் அமெரிக்காவின் பிரேசில் நாடு காட்டியது. அங்கே பாவ்லோ பிரைரே என்ற கல்விப் பேராசிரியர் இருந்தார். 1921-ல் பிறந்தவர். ஆலைத் தொழிலாளர்களுக்கான சேவை ஸ்தாபனம் ஒன்றில் பத்து ஆண்டுகள் வேலை செய்து, உழைப்பாளிகளின் பேச்சைக் கேட்டுக் கேட்டே தம் முறையை உருவாக்கியவர்.

முதலில் மக்கள் வாழும் இடத்துக்குப் போய், அவர்கள் வாயில் அன்றாடம் புழங்கும் வார்த்தைகளைச் சேகரிப்பார். செங்கல் என்பது அப்படி ஒரு வார்த்தை. செங்கல்லின் படத்தைக் காட்டி, இதைச் சுட்டது யார், இதனால் எழும்பும் வீட்டில் குடியிருப்பது யார் என்று முதலில் விவாதம். அப்புறம்தான் எழுத்து. 1963-ல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேர வகுப்பில் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அந்த நாளில் பிரேசில் நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு ஓட்டு கிடையாது. 300 பேர் படித்தால் 300 ஓட்டு! நாடெங்கும் படித்தால் பண்ணையார்களின் ஆதிக்கம் என்னவாகும்? 1964-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பிரைரேயைச் சிறையில் அடைத்தது. வெளியே வந்தவர் நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. 1980-ல்தான் திரும்ப முடிந்தது. அ, ஆ சொல்லிக் கொடுத்தவரைப் பார்த்துத் துப்பாக்கி ஏந்தியவர்கள் ஏன் நடுங்கினார்கள் என்று யோசியுங்கள்.

நம் நாட்டில் 1952-ல் முடிந்த முதல் பொதுத் தேர்தலிலேயே, கைநாட்டு வைப்பவருக்கும் ஓட்டு கிடைத்துவிட்டது. ஓட்டு நம் கையில் வந்தது. கணக்கு மட்டும் இன்னும் மற்றவர் கையில் இருக்கிறது.

புதுக்கோட்டைப் பெண்கள்

பிரேசிலுக்குப் போவானேன்? நம் புதுக்கோட்டையைப் பாருங்கள். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரும் ஆயிரக்கணக்கான தொண்டர்களும் ஊர் ஊராகப் போனார்கள். வகுப்புக்கு வந்த கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். சைக்கிளில் போகிற பெண்ணைப் பார்த்துக் கேலி பேசியவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அதைவிடப் பெரிய சங்கதி கல் குவாரிகளில் நடந்தது. ஒப்பந்தக்காரரிடம் கல் உடைத்துக் கூலி வாங்கிய பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து குவாரிகளைத் தாங்களே குத்தகைக்கு எடுத்தார்கள். குத்தகைப் பத்திரத்தைப் படிக்க வேண்டியிருந்தது. லோடு கணக்கு எழுத வேண்டியிருந்தது. பாங்கில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அன்றன்றைக்கு வேண்டிய எழுத்தாக இருந்ததால்தான் அது அவர்கள் மனத்தில் பதிந்தது. ஆதிசேஷய்யாவின் காலத்தில் யுனெஸ்கோ தேடிய வேலையோடு சேர்ந்த எழுத்து அங்கே கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு வித்தியாசம்: வேலையின் பலனும் வேலை செய்தவர் கைக்கு வந்தது!

பயிற்சி என்ற பெயரில்

இப்போது நம் வட்டாரத்துக்கு வருவோம். வேலையிடத்தில் கல்வி என்ற பேச்சு இன்றும் அடிபடுகிறது. ஆனால் எப்படி?

நம் மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளுக்குச் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று வந்தது நினைவிருக்கும். கல்யாண வயதுப் பெண்களை மூன்று வருஷம் ஆலை விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் ஒரு தொகை தருவதாகச் சொல்வது. அந்தப் பெண்களுக்குப் பயிற்சியாளர் என்று பெயர். சைடு பார்க்க எத்தனை மாதத்தில் பழகலாம் என்பது பஞ்சாலைத் தோழர்களுக்குத் தெரியும். மூன்று வருஷம் பழக அதில் என்ன சாஸ்திரம் இருக்கிறது? நிரந்தரத் தொழிலாளியின் வேலையைச் செய்துகொண்டு, பழகுகிறவரின் சம்பளத்தை வாங்குவதற்குத்தான் அந்தப் பெயர் உதவியது. கல்வி என்ற நல்ல வார்த்தையைக் கூலியைக் குறைக்கும் கத்தரிக்கோலாக மாற்றிவிட்டார்கள்.

ஸ்ரமிக் வித்யாபீடத்தின் கதியையும் கேளுங்கள். 2000-ம் ஆண்டில் அதன் பெயரை ஜன் சிக்ஷண் சன்ஸ்தான் என்று மாற்றினார்கள். உழைப்பாளி என்ற வார்த்தை பெயரிலிருந்து போயிற்று. 2018-ல் அதைக் கல்வித் துறை பொறுப்பிலிருந்து எடுத்துத் திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் கீழ் வைத்தார்கள். தையலும் கம்ப்யூட்டரும் கற்பது நல்லதுதான். நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கைக்குத் திறன் கொடுத்துவிட்டு, கேள்வி கேட்கும் அறிவை வெளியே நிறுத்தினால், 1976-ம் ஆண்டு அறிக்கை சொன்ன பாடத்தையே மறந்துவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

நமது பாடப் புத்தகம்

2011-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 80 பேர். சேலம் மாவட்டத்தில் 73 பேர் அளவில். நாமக்கல்லில் 75 பேர் அளவில். தறியும், ஜவ்வரிசி ஆலையும், லாரிப் பட்டறையும், கோழிப் பண்ணையுமாக இரவு பகல் உழைக்கும் இந்த மண், மாகாணத்தின் சராசரிக்கும் கீழே நின்றது. சின்ன வயதிலேயே தறிக்கும் காட்டுக்கும் போனவர்கள்தான் இந்தக் கணக்கில் விடுபட்டவர்கள்.

இவர்களுக்கு எந்தப் புத்தகத்தை வைத்துப் பாடம் தொடங்குவது? கடையில் வாங்க வேண்டாம். புத்தகம் நம் மடியிலேயே இருக்கிறது.

முதல் பாடம், முன்பணச் சீட்டு. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு குடும்பம் 20,000 ரூபாய் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று ரூபாய் வட்டி என்றால் மாதம் 600 ரூபாய். வருஷத்துக்கு 7,200 ரூபாய். மூன்று வருஷத்தில் 21,600 ரூபாய், அசலைத் தாண்டிவிடுகிறது. அசல் அப்படியே நிற்கிறது! இந்தக் கூட்டலைப் போடத் தெரிந்த தறிக்காரர் வெற்றுத் தாளில் கைநாட்டு வைப்பாரா?

இரண்டாம் பாடம், எடைச் சீட்டு. கரும்பு வெட்டுக்கு டன் கணக்கில் கூலி. ஒரு டன்னுக்கு 1,000 கிலோ. எடை மேடையில் 200 கிலோ குறைத்து எழுதினால் ஒரு டன் கூலியில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. குத்தகை நிலத்தில் குச்சிக்கிழங்கு போட்ட ஏழை விவசாயிக்கும் இதே கதி. மாவுச்சத்தைச் சோதித்துப் பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை போடுகிறார்கள். பாயிண்டு எப்படி எடுக்கிறார்கள், முள் எங்கே நிற்கிறது என்று படிக்கத் தெரியாதவர் சொன்னதை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

மூன்றாம் பாடம், சம்பளச் சீட்டு. பி.எப். என்று சம்பளத்தில் 100-க்கு 12 ரூபாய் பிடிக்கிறார்கள். பிடித்தது நம் பெயரில் கட்டப்பட்டதா? எத்தனை மாதம் கட்டினார்கள்? இன்று கைபேசியிலேயே பார்த்துவிடலாம். "போனு இருக்குதுங்க, படிப்பு எதுக்குங்க?" என்று கேட்கும் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை சொல்கிறோம்: தம்பி, போன் படம் காட்டும், பாட்டுப் பாடும். பி.எப். கணக்கில் ஏன் இத்தனை மாதம் காலியாகக் கிடக்கிறது என்று முதலாளியைக் கேட்கப் போனால் அது வாய் திறக்காது. கேட்க வேண்டியது நீதான்.

இந்த மூன்று சீட்டும் படிக்கத் தெரிந்த பிறகு, நாலாம் பாடம் தானாக வரும்: ஏன் இப்படி இருக்கிறது?

சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த கதையும் இதற்குச் சாட்சி. பெரம்பூரில் ஒரு சபையில் பக்திச் சொற்பொழிவு கேட்கப் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் கூடுவது வழக்கம். கூடியவர்கள் தங்கள் கஷ்டங்களையும் பேச ஆரம்பித்தார்கள். 1918 ஏப்ரல் 27-ம் தேதி அங்கிருந்து சங்கம் பிறந்தது. பத்துப் பேர் ஒழுங்காகக் கூடி ஒரு விஷயத்தைக் கேட்டுப் பேசும் இடம் எதுவானாலும், அது பள்ளிக்கூடம்தான்.

இன்றே செய்ய வேண்டியது

வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம் போதும். பஞ்சாலைத் தோழர்களுக்கு ஷிப்டு மாறும் நேரம். காட்டு வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு இரவு சாப்பாட்டுக்கு அப்புறம். பிள்ளைகளைத் தூங்க வைக்கும் பொறுப்பை அந்த ஒரு மணி நேரம் ஆண்கள் ஏற்கட்டும்! எட்டாவது, பத்தாவது படித்த பிள்ளைகள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். தாய்க்கு மகள் சொல்லிக் கொடுப்பதில் என்ன கௌரவக் குறைச்சல்?

ஊர் நூலகத்தைப் பயன்படுத்துங்கள். 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் நம்முடையது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். அங்கே உள்ள புத்தகமும் நாற்காலியும் நம் காசு. பூட்டிக் கிடந்தால் ஏன் என்று கேட்போம். 2022-ல் ஆரம்பித்த புதிய எழுத்தறிவுத் திட்டத்தின் கீழ் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வகுப்பு நடக்கும் ஊர்களில் அதிலும் போய்ச் சேருங்கள். சேர்ந்த பிறகு, எங்கள் எடைச் சீட்டையும் பாடமாக வையுங்கள் என்று கேளுங்கள்.

ஆதிசேஷய்யா என்ற பெரிய படிப்பாளி, பாரிஸ் நகரத்து உத்தியோகத்திலிருந்து திரும்பி வந்து, தம் சேமிப்பை ஆராய்ச்சிக்கும், தம் பேச்சையும் எழுத்தையும் முதியோர் கல்விக்கும் கொடுத்தார். அவர் காலத்துத் திட்டங்கள் மேலிருந்து வந்தன. பணம் நின்றதும் நின்றன. கீழிருந்து, நம் தேவைக்காக, நாமே தொடங்கும் வகுப்பை எந்த மந்திரி சபையும் கலைக்க முடியாது.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு சீட்டோடு வாருங்கள். சம்பளச் சீட்டோ, எடைச் சீட்டோ, முன்பணச் சீட்டோ, எதுவாயினும் சரி. படிக்கத் தெரிந்தவர் படிக்கத் தெரியாத ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வருகைப் பதிவில் இன்று பெருவிரல் ரேகை வைத்த தோழர்கள், தாய்மார்கள் அனைவரும் அடுத்த பொங்கலுக்குள் தம் பெயரைத் தாமே எழுத வேண்டும். எழுதிய கையால் கணக்கையும் கேட்க வேண்டும். இதுவே நம் வேலைத் திட்டம்.